சங்கிலியம்மாளைத் தேடிப் போன புழுக்கள்

1982 ஐப்பசியில், வடுகபட்டி மலைச்சாமியின் பட்டுப்புழுக்கள் பதினோராயிரமும் பூட்டிய கொட்டகையின் கதவிடுக்கு வழியாக வரிசையாக வெளியேறி, அடுப்படியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சங்கிலியம்மாளின் சேலையில் ஏறிக் கூடு கட்டின. அந்த வாரம் தேங்காய் விலை இறங்கியிருந்தது.

அதற்கு முன் இரண்டு தடவை வளர்த்த புழுக்கள், தோலுரிக்கும் நாலாம் தூக்கம் முடிந்து மல்பெரி இலையை அள்ளித் தின்னும் பருவத்தில், பச்சையாகக் கக்கிச் செத்துப்போயின. புழுக் கொட்டகைக்குள் வெளியாள் கால் வைக்கக் கூடாது என்பது வளர்ப்பவர்களின் கட்டுப்பாடு. ஆக, எவனோ வந்திருக்கிறான் என்று மலைச்சாமி முடிவு கட்டினான். வேலியோரம் நின்று சங்கிலியம்மாளிடம் மழை பேய்ந்ததா என்று ஒருமுறை கேட்ட பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமி மேல் அவனுக்குக் கண்.

“எவன்டி உள்ள வந்தான்?”

“நீங்கதான் வந்தீக. வேற யாரு வருவா?”

இதில் பின்பாதிதான் அவன் காதில் ஏறியது. வாசலில் அடுப்புச் சாம்பலைத் தூவிக் கால்தடம் பார்த்தான். தடமெல்லாம் அவன் கால் அளவாகவே இருந்தது. சின்னச்சாமிக்கும் இதே அளவுதான் என்று சொல்லிவிட்டான். அட, அந்த மனுசனுக்குச் சந்தேகம் அப்படி! மூன்றாம் தடவை கொட்டகையைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, உள்ளேயே கட்டிலைப் போட்டான். இலையை வாசலில் வைத்துவிட்டுப் போவதோடு அவள் வேலை முடிந்தது. “இதுவும் செத்துச்சுன்னா அல்லிநகரத்துக்கு உங்கப்பன் வீட்டுக்கு நடையைக் கட்டு” என்று தெருவே கேட்கச் சொன்னான்.

புழுக்கள்தான் முதலில் நடையைக் கட்டின. சங்கிலியம்மாள் நாலு நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஊர் வந்து பார்த்துவிட்டுப் போனது. சேலையில் எவன் அடையாளமாவது ஒட்டியிருக்கிறதா என்று மலைச்சாமி குனிந்தபோது, இன்னும் கூடு கட்டாத புழுக்கள் ஒருசேரத் தலையைத் திருப்பிக்கொண்டன. பக்கத்தில் இருந்தவை பச்சையாகக் கக்கின.

“மடியில என்ன வச்சிருக்கீக?”

போயிலைப் பொட்டலம். போயிலை வாடை புழுவுக்கு ஆகாது என்பது வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சந்தேகப்பட வேண்டியவர்களில் தன்னைச் சேர்த்துக்கொள்ளாததுதான் குறை. சங்கிலியம்மாள் கோபத்தில் அழுதாள். “புழுவக் கொன்னது நீங்க. பழி எனக்கா? நீங்க போன்னு சொன்னதுக்காகப் போகல. இருக்கப் பிடிக்காமப் போறேன்” என்றாள். ஐந்தாம் நாள், கூடு அப்பிய சேலையோடு, அல்லிநகரம் போகத் தேனி பஸ் ஏறினாள். கண்டக்டர் ஒரு சீட்டுதான் கிழித்தார்.

மலைச்சாமி போயிலையை விட்டான். மறுபடியும் முட்டை வாங்கி வளர்த்தான். இருபத்தைந்தாம் நாள், கூடு கட்டும் பருவத்தில், புழுக்கள் அவன் போட்டுவைத்த மூங்கில் தட்டிகளை ஏறிட்டும் பார்க்காமல் தேனி ரோட்டைப் பிடித்தன. காக்காய் கொத்தாமலிருக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு அவனும் பின்னால் நடந்தான். போய்ச் சேர மூன்று நாள் ஆனது.

அதன் பிறகு வருடத்துக்கு நாலு தடவை இதே நடைதான். ஆட்டு மந்தைக்கு நிறுத்துவதுபோல லாரிக்காரர்கள் நிறுத்தி வழிவிடப் பழகிக்கொண்டார்கள். அல்லிநகரத்தில் சங்கிலியம்மாள் கதவைத் திறந்து புழுக்களை உள்ளே விடுவாள். கடைசிப் புழுவும் வாசற்படி தாண்டிய பிறகு, மலைச்சாமிக்கு ஒரு செம்புத் தண்ணீரை வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.