மேலே போனவனுக்கு டீ

எங்கள் சின்ன விமானத்தளத்தில் ஒரு கேடுகெட்ட வழக்கம் இருந்தது. தரையிறங்க வந்தவர் இறங்காமல் மறுபடி மேலே ஏறிப் போனால், அன்று எல்லோருக்கும் அவர்தான் டீ வாங்கித் தர வேண்டும். கூடவே நாள் முழுக்கக் கிண்டல். இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் எங்கள் மூத்த விமானி, தாடிக்காரர். போன மாதம் பலத்த காற்றில், அந்தக் கிண்டலுக்குப் பயந்து அவரே பிடிவாதமாக இறங்கினார். விமானத்தின் இறக்கை முறிந்தது, அவர் காலும் முறிந்தது. அப்படியும் வழக்கம் மாறவில்லை.

அதற்குப் பிறகு மாவுக்கட்டோடு தினமும் என் ரேடியோ அறைக்கு வந்து உட்கார்ந்து பேசியே கழுத்தறுத்தார். எப்போது எழுந்து போவார் என்றிருக்கும் எனக்கு.

அன்று சாயங்காலம் என் தம்பி தன் மாமனாரை விமானத்தில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தான். ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று பேயாய் அடித்தது. காற்றின் வேகத்தைச் சொல்வதுதான் என் வேலை. இறங்குவதும் இறங்காததும் ஓட்டுகிறவன் பாடு. சொன்னேன்.

"நான் பாத்துக்கறேன்க்கா," என்றான்.

மாமனார் முன்னால் கிண்டலுக்கு ஆளாக மாட்டான் அவன். சின்ன வயதிலிருந்தே அப்படி ஒரு ரோஷம்.

சக்கரம் தரையைத் தொடப் போகிற நேரத்தில் ஒரு பக்க இறக்கை எகிறியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. தாடிக்காரர் ஒற்றைக் காலில் தாவி வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"தம்பி, மேல போ! இன்னைக்கு டீ என் செலவு. மேல போய்யா!"

இஞ்சின் உறுமியது. விமானம் தள்ளாடிக்கொண்டே வேலியைத் தாண்டி ஏறியது.

காற்று கொஞ்சம் அடங்கும்வரை வட்டமடித்துவிட்டு, அலுங்காமல் வந்து இறங்கினான். இருவரும் என் அறைக்கு வந்தார்கள். மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஊரை இன்னொரு தடவை சுத்திக் காட்டுனீங்களே மாப்பிள்ளை, ரொம்ப சந்தோஷம்," என்றார்.

தம்பி அசட்டுச் சிரிப்பு சிரித்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

டீ வந்தது. முதல் கோப்பையைத் தாடிக்காரர் தம்பியிடம் நீட்டினார்.

"இனிமே மேல போறவனுக்கு நாமதான் வாங்கித் தரணும்," என்றார். யாரும் கிண்டல் செய்யவில்லை.

எத்தனை நன்றி சொன்னாலும் அவருக்குத் தகும். ஜன்னலோரம் இருந்த என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நாளைக்கும் வந்துடுங்க," என்றேன். "கால் சரியானதுக்கு அப்புறமும்."