வீரனுக்கு ஓரிகன் பீர்

1

இந்தக் கதை ஒரு பீர் கேனிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். கேனில் 'காவேரி' என்று தமிழில் எழுதியிருந்தது. காய்ச்சியது யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இது கட்டுரையாகிப் போயிருக்கும்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'மழை விடாத போர்ட்லண்டில் பூவிழி தன்னந்தனியாக ஜன்னலோரம்...' (நிறுத்திவிட்டேன். வெளிநாடு போன தமிழ்ப் பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி அழவைக்கிற வேலையை வேறு யாராவது செய்யட்டும்.)

2

பூவிழி அழுகிறவள் இல்லை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து ஊர்க்காரி. நுண்ணுயிரியல் படித்தவள். ஓரிகனின் போர்ட்லண்டில் ஒரு சின்ன ஆலையில் பீர் காய்ச்சும் பொறுப்பு முழுக்க அவளுடையது. அங்கே தெருவுக்குத் தெரு அப்படி ஓர் ஆலை உண்டு. முன்பக்கம் மேசை போட்டிருக்கும். பிள்ளைகுட்டியோடு, நாயோடு வந்து உட்கார்ந்து, இந்த வாரம் என்ன ஹாப்ஸ்* போட்டீர்கள் என்று அவளிடமே கேட்டுக் குடிப்பார்கள்.

(* பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ. அடிக்குறிப்பு கீழே இருக்க வேண்டும். நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது, இருக்கட்டும்.)

ஊரில்தான் மூடிமறைப்பெல்லாம். மகள் சத்துமாவுக் கம்பெனியில் இருப்பதாக அப்பா சாமிதுரை சொல்லிவைத்திருந்தார். பாதி உண்மைதான். தானியத்தை ஊறவைத்து முளைகட்டுவதில்தான் பீரும் தொடங்குகிறது. மீதிப் பாதியை அவர் முழுங்கிவிட்டார்.

3

ஆடியில் குலசாமி மதுரைவீரனுக்குப் படையல். பூவிழி அதற்கென்றே ஊருக்கு வந்திருந்தாள். சாராயமும் சுருட்டும் இல்லாமல் வீரனுக்கு இலை போடுவதில்லை. வைத்த ஒவ்வொன்றும் என்ன, யாருடையது என்று பூசாரி கேட்பார். வீட்டு ஆம்பளை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாத பொருளைச் சாமி தொடாது என்பது வழக்கம்.

கடைச் சரக்குப் பாட்டில்களுக்கு நடுவே, பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த கேனைப் பூவிழி வைத்தாள். சாமிதுரை அவள் காதருகே குனிந்தார்.

"என்னம்மா இது? எடுத்துரு."

"நான் காய்ச்சுனதுப்பா. நம்ம கிச்சிலிச் சம்பா அரிசி போட்டது."

"பொம்பளப் புள்ள காய்ச்சுனதுன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்மா."

"கடையில வாங்குனத வைக்கலாம், மக கையால செஞ்சத வைக்கக் கூடாதா? நடவு நட்டது பூரா பொம்பளைங்க. அந்தச் சோத்த வீரன் வேணாம்னாரா?"

(இந்த இடத்தில் அவளை நான் நம்பவில்லை. அப்பாவிடம் இவ்வளவு சரளமாகவா பேசுவாள்? வசனத்தை அடித்துப் பார்த்தேன். அடித்த பிறகும் கேன் இலையிலேயே இருந்தது. திரும்பப் போட்டுவிட்டேன்.)

4

முடிவுக்கு வருவோம். அப்பா ஒரு மடக்குக் குடித்துக் கண்கலங்கி மகளை அணைத்துக்கொள்ளலாம். அது சினிமா. ஊர் கூடித் திட்ட, அவள் விமானம் ஏறலாம். அது தண்டனை. அவள் செய்த தப்புதான் என்ன? எனக்குக் கோபமாக வருகிறது. குடிக்கிற ஆணுக்குச் சாமி முன்னால் இடம் உண்டு, காய்ச்சிய பெண்ணுக்கு இல்லை என்று எழுத எனக்குக் கை வராது.

பூசாரி ரெத்தினம் கேன் முன்னால் குனிகிறார்.

"இது என்னது? யாரு வச்சது?"

பங்காளிகள் திரும்பிப் பார்க்கிறார்கள். சாமிதுரை வாயைத் திறக்கிறார்.

அந்த வாயில் வர வேண்டிய சொல்லை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். சத்துமாவு என்றே போட்டாலும் சரி. அவர் முடித்ததும் பூவிழி பேசுவாள். அதை மட்டும் எழுதி முடித்துவிட்டேன், உங்களால் மாற்ற முடியாது.

"பீரு. நான் காய்ச்சுனது. எம்பேரு பூவிழி."