தனி மேசை

மக்சிம் வீசிய பித்தான் பலகை சுவரில் மோதி ஜஸீலாவின் காலடியில் வந்து விழுந்தது.

"பால்வாடிப் புள்ளைக்குக் குடு இதை," என்றார் அவர். "பிரெஞ்சு ராணுவத்துல சார்ஜெண்டா இருந்தவன் நான். எனக்குச் சட்டை மாட்டக் கத்துக் குடுக்க வந்துட்டா."

ஜஸீலா குனிந்து பலகையை எடுத்தாள். பக்கவாதம் வந்து மரத்துப்போன அவருடைய வலது கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று, பழைய சட்டைத் துணியைப் பலகையில் அறைந்து, பெரிய பெரிய பித்தான்களாக அவளே தைத்திருந்தாள். அதில் ஒன்று உடைந்திருந்தது.

"கோபம் வரத்தான் செய்யும், முசே." பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த உள்ளூர்க்காரர்களை அங்கே ஐயா என்பதற்குப் பதில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"எனக்கு என்ன வரும்னு நீ சொல்லாதே."

அறையிலிருந்த மற்றவர்கள் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டினச்சேரிக் கதிரவன் சிரிக்கக்கூடச் செய்தான். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் கை சிக்கி இரண்டு விரல் போய், மிச்ச விரல்கள் விறைத்து நின்றன அவனுக்கு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் அவனை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த எரிச்சல் முழுவதும் இவள்மேல் இறங்கியது. "ஊசி போடு, இல்ல ஆபரேசன் பண்ணு. மாவைப் பெசையச் சொன்னா வெரலு வந்துருமா?" என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

சுல்தான் பீவி ஜஸீலாவின் தெருக்காரர். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த வலியைவிட, ஜஸீலா ஆண்களின் கையைத் தொடுவதுதான் அவருக்குப் பெரிதாக வலித்தது. "நிக்காஹ் ஆவாத புள்ள, கண்ட ஆம்பளை கையப் புடிச்சுத் திருப்புறா. வாப்பா துபாயில கெடக்காரு, தெரியவா போவுதுன்னு நெனப்பு," என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்.

முகம் கொடுத்துப் பேசியது மாரிக்கண்ணு அக்கா ஒருவர்தான். வயல்வேலைக்கு ஆள் ஏற்றிப்போன டிராக்டரிலிருந்து விழுந்து அவருடைய வலது முழங்கை நொறுங்கியிருந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. நெடுங்காட்டிலிருந்து பஸ் ஏறி வருவார். "குறுவை நடவுக்குள்ள நாத்தைப் புடிக்கிற அளவுக்கு ஆக்கிவுட்டுடு, பாப்பா," என்பார்.

ஆக்குபேஷனல் தெரபி படித்த ஜஸீலாவுக்கு இது கடைசிக் கட்டம், இன்டர்ன்ஷிப். கை கால் விளங்காமல் போனவர்கள் மறுபடி தானே குளிக்க, உண்ண, உடுத்த, வேலைக்குப் போகப் பழக்குவது அவள் படிப்பு. சொந்த ஊரிலேயே செய்கிறேன் என்று கேட்டு வாங்கி, அரசலாற்றுக் கரையோரம் ஓர் அறக்கட்டளை நடத்திய பகல்நேரச் சிகிச்சை நிலையத்துக்கு வந்திருந்தாள். நிலையத்தின் பொறுப்பாளர் மரீன் மேடம், அவரும் தெரபிஸ்ட். "தனி ஆளைக் கவனிக்க யாராலயும் முடியும். ஒரு குரூப்பைச் சேத்து நடத்திக் காட்டு, அப்புறம் உன்னைத் தெரபிஸ்ட்னு சொல்றேன்," என்று சொல்லி இந்த நால்வரை அவள் தலையில் கட்டினார்.

பித்தான் பலகை எடுபடவில்லை என்றதும் ஜஸீலா வேறொன்று யோசித்தாள். ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள். கதிரவன் அறுக்க வேண்டும், மாரிக்கண்ணு பிழிய வேண்டும், சுல்தான் பீவி சர்க்கரை போட்டுக் கலக்க வேண்டும், மக்சிம் டம்ளர்களில் ஊற்ற வேண்டும். எல்லாம் கைக்கு வேலை. வெயிலுக்கு ஆளுக்கொரு டம்ளர் சாறும் ஆயிற்று.

ஆளாளுக்குத் திட்டிக்கொண்டே செய்தார்கள். மாரிக்கண்ணு ஒரு பாதிப் பழத்தைக் கைக்குள் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். விரல்கள் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அப்புறம் மெல்ல நடுவிரல் மடங்கியது, கூடவே மோதிர விரலும். சாறு இரண்டு மூன்று சொட்டு விழுந்தது.

"பாப்பா, பாத்தியா?" என்றார் மாரிக்கண்ணு. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஜஸீலா அவர் தோளைப் பிடித்துக் கொண்டாள். இந்தப் படிப்புக்கு வந்ததே இதற்குத்தான் என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது.

டம்ளர்களை நீட்டினாள். மக்சிம் வாங்கவில்லை. "எனக்குச் சுகர்," என்றார். கதிரவன் சளி என்றான். சுல்தான் பீவி மட்டும் வாங்கிக் குடித்தார், ஜஸீலாவும் குடித்தாள். மற்ற இரண்டு டம்ளர்களும் ஈ மொய்க்கும்வரை அங்கேயே இருந்தன. மாரிக்கண்ணு அவற்றைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார்.

அன்று சாயங்காலமே மக்சிம் மரீனுக்குப் போன் செய்துவிட்டார். மரீனின் தகப்பனாரும் அவரும் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள்.

"என்ன விஷயம்னு உனக்குப் புரியுதுல்ல?" என்று மரீன் மறுநாள் ஜஸீலாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "அவரைத் திருத்துறது நம்ம வேலை இல்ல. அவர் கை நமக்கு வேலை. குரூப் உடையாம நடக்கணும். எப்படிச் செய்வியோ, சுமுகமாச் செய்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சுல்தான் பீவியும் தன் பங்குக்குச் சொன்னார். "எல்லாருக்கும் தனித்தனியா வச்சிரு புள்ள. சண்டை வராது."

ஜஸீலாவுக்கு அது நல்ல வழியாகப் பட்டது. ஆளுக்கொரு சின்ன மேசை, ஆளுக்கொரு கத்தி, டம்ளர், துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற டேப் ஒட்டினாள். "தொற்று வராம இருக்க இப்படித்தான் வைக்கணும்," என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னாள். மாரிக்கண்ணு பச்சை டேப் ஒட்டிய டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நாத்துப் பச்சை, நம்ம நெறம்," என்றார்.

அதன்பிறகு அறை அடங்கியது. மக்சிம் வாய்க்குள் பிரெஞ்சில் திட்டிக்கொண்டே பித்தான் போடத் தொடங்கினார். கதிரவன் நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டான். குரூப் நன்றாக நடக்கிறது என்று மரீனே வாய்விட்டுச் சொன்னார். ஜஸீலாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாளாக ஆகச் சிவப்பு, நீலம், மஞ்சள் டேப்புகள் தண்ணீரில் ஊறி உரிந்துபோயின. மக்சிமின் கத்தியைக் கதிரவன் எடுத்தான். கதிரவன் மேசைக்குச் சுல்தான் பீவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரட்டை அடித்தார். மூன்று மேசைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஜன்னலோரத்தில் மாரிக்கண்ணுவின் மேசை மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. பச்சை டேப் உரிந்தபோது ஜஸீலா புதிதாக ஒட்டினாள். ஏன் ஒட்டினாள் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் சண்டை வரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

ஒரு புதன்கிழமை காலை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாரிக்கண்ணுவின் கத்தி மொட்டை. எழுந்து வந்து மக்சிமின் மேசையிலிருந்த கத்தியை எடுத்தார்.

"அதை வை," என்றார் மக்சிம்.

"கத்திதானங்க. அறுத்துட்டுத் தாரேன்."

"தொடாதேன்னேன். அதுக்குத்தானே உனக்குத் தனியா வச்சிருக்கு. இந்தப் பொண்ணு உன்கிட்ட சொல்லலையா?"

மாரிக்கண்ணு ஜஸீலாவைப் பார்த்தார்.

"இல்லக்கா, தொற்று..." என்று தொடங்கினாள்.

"தொத்தா?" மாரிக்கண்ணு குரலை உயர்த்தவில்லை. "இவரு கத்திய அந்தத் தம்பி எடுக்குது. அது டம்ளர பீவியம்மா எடுக்குறாங்க. எனக்கு மட்டுந்தான் தொத்தா?"

கதிரவன் தன் முன்னாலிருந்த கொத்தவரங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஊர்லயும் தனிக் கிளாஸ் வப்பாங்க. ஆனா மூஞ்சிக்கு நேரா வப்பாங்க, நானும் மூஞ்சிக்கு நேரா ஏசிட்டு வருவேன். நீங்க சிரிச்சுக்கிட்டே வச்சீங்க, மேடம். கலர் டேப் ஒட்டி வச்சீங்க. நானும் கூறுகெட்டவ, நம்ம நெறம்னு சொன்னேன்."

கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாரிக்கண்ணு போய்விட்டார். இதுவரை பாப்பா என்று அழைத்தவர் மேடம் என்றும் நீங்க என்றும் சொன்னது, மக்சிம் வீசிய பலகையைவிடப் பலமாக ஜஸீலாமேல் விழுந்தது.

"சனியன் விட்டுது," என்றார் மக்சிம். "கொத்தவரங்காயைக் கொண்டா."

அடுத்தடுத்த நாட்களில் மாரிக்கண்ணு வரவில்லை. போனை எடுக்கவில்லை. யாரும் கோபப்படாமல் இருந்தால் அதுவே நல்ல குரூப் என்று நம்பிக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க ஜஸீலாவுக்குக் கூசியது. சனிக்கிழமை நிலையம் விடுமுறை. திருநள்ளாற்றுக் கோயில் கூட்டத்தில் பிதுங்கிய பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், இன்னொரு பஸ் மாறி நெடுங்காட்டில் இறங்கினாள்.

மாரிக்கண்ணு வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் வந்து, நாற்றங்கால் பச்சை பிடித்திருந்தது. ஜஸீலாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, தப்பு என்னுதுதான். மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேட்டுட்டீங்கல்ல. பஸ் வந்துரும், போங்க."

"பயிற்சியை விட்டா வெரல் மறுபடி விறைச்சுப் போயிரும், அக்கா."

"எனக்குத் தெரியாதா? ராத்திரி பூரா வலி பின்னுது." மாரிக்கண்ணு இப்போதுதான் திரும்பினார். "மன்னிப்ப நீங்களே வச்சுக்கங்க. அங்க வந்தா நான் எங்க உக்காரணும்? அத மட்டும் சொல்லுங்க."

"எல்லாருக்கும் ஒரே மேசை."

"அந்தப் பெரிய மனுசன் எந்திரிச்சுப் போனா?"

"போகட்டும்."

"இங்க வரப்புல நின்னு போகட்டும்னு சொல்றது லேசு, மேடம். அங்க சொல்லுங்க."

உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. ஜஸீலா வந்த வழியே திரும்பினாள்.

திங்கட்கிழமை அவள் சீக்கிரமே போய் நான்கு சின்ன மேசைகளையும் கிடங்கில் தள்ளிவிட்டு, சாப்பாட்டு அறையின் நீள மேசையை இழுத்துப் போட்டாள். ஒரே ஜக், ஒரே மாதிரி டம்ளர்கள். மூவரும் வந்து உட்கார்ந்ததும் நின்றுகொண்டே சொன்னாள்.

"நான் தொற்றுன்னு சொன்னது பொய். மாரிக்கண்ணு அக்காவைத் தள்ளி உக்கார வைக்கத்தான் தனி மேசை போட்டேன். இனிமே இந்த மேசைதான். இதுல உக்கார முடியாதவங்களுக்கு என்னால பயிற்சி குடுக்க முடியாது."

மக்சிமின் முகம் சிவந்தது. இடது கையால் மேசையைக் குத்தினார். "எங்க வீட்டு வாசல்ல நின்னவங்களோட என்னைச் சரியா உக்காரச் சொல்றியா? நீ யாரு? ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறவ."

"பிரான்சுல பக்கத்துல உக்காந்தவன் என்ன ஆளுன்னு விசாரிச்சுட்டுத்தான் சாப்ட்டீங்களா, முசே?" என்றான் கதிரவன்.

"மீன் வீச்சம் அடிக்கிற வாயை மூடு."

"இந்த வீச்சத்தோடதான இத்தனை நாளு ஒட்டி உக்காந்திருந்தீங்க." கதிரவன் அவரோடு சண்டை போட்டானே ஒழிய, ஜஸீலா பக்கம் பேசவில்லை. அவளைப் பார்த்து, "நீயும் ரொம்ப நல்லவ மாதிரி ஆடாத. எங்க தெருவுல தெரிஞ்சா எனக்குத்தான் பேச்சு," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனான். கேட்டருகே வெகுநேரம் நின்றான். கைவிரல்களைப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து மேசையின் கடைசி நாற்காலியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எழுந்து வெளியேறிய மக்சிம் போனவர் போனவர்தான். மதியத்துக்குள் மரீன் வந்து நின்றார்.

"அவரைக் கூப்பிட்டு வா. பழைய மேசைகளைப் போடு. இல்லேன்னா உன் இன்டர்ன்ஷிப் முடிஞ்சதா நான் சொல்லமாட்டேன்."

ஜஸீலாவுக்கு உம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. "மாரிக்கண்ணு அக்காவுக்குத் தனி மேசை வைக்கணும்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க, மேடம். காரணத்தையும் சொல்லுங்க. நான் வச்சிர்றேன்."

மரீன் அவளை உறுத்துப் பார்த்தார். "உனக்குக் குரூப் நடத்தத் தெரியல. உடைக்கத்தான் தெரியுது. பாண்டிச்சேரியில வேற சென்டர்ல திரும்பச் செய். இந்த வாரத்தோட இங்க போதும்," என்றார். ஆனால் சின்ன மேசைகளை எடுத்துப் போடச் சொல்லவில்லை.

ஜஸீலா சொல்லியனுப்பிய சேதி கிடைத்து, வியாழக்கிழமை மாரிக்கண்ணு வந்தார். நீள மேசையின் நடுவில், யாரையும் கேட்காமல் உட்கார்ந்தார். சுல்தான் பீவி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கதிரவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜஸீலா மாரிக்கண்ணுவின் கையை எடுத்து ஒவ்வொரு விரலாக மடக்கினாள். விறைப்பு பழையபடி ஏறியிருந்தது. எலுமிச்சை பிழிந்த நாளின் தூரம்கூட இப்போது விரல் போகவில்லை. இந்தக் குறுவை நடவுக்கு ஆகாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

"உங்க மேல எனக்குக் கோவம் போவல," என்றார் மாரிக்கண்ணு, வலியில் மூச்சு வாங்கிக்கொண்டு.

"தெரியும், அக்கா."

"நாளைக்கு அப்புறம் நீங்க இல்லையாமே. அந்தம்மா மறுபடியும் என்னைத் தள்ளி வச்சா?"

ஜஸீலா அவர் கையை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பக்கத்து அறையிலிருந்த மரீனை, எல்லோருக்கும் கேட்கும்படி வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மேடம், நான் போனப்புறமும் இவங்க எல்லாருக்கும் இதே மேசைதானே?"

மரீன் தலை தூக்கினார். மூன்று பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதிரவன்கூட. மாரிக்கண்ணு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"ஆமா," என்றார் மரீன். "இதே மேசைதான். போதுமா?"

"அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க, மேடம்."

மரீன் பல்லைக் கடித்தார். பிறகு மாரிக்கண்ணுவைப் பார்த்து, "இதே மேசைதான்," என்றார்.

மாரிக்கண்ணு நன்றி சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பி, மடங்காத கையை மேசைமேல் நீட்டினார். ஜஸீலா வந்து மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினாள்.