அங்கி போட்ட நிழல்

சாந்தோம் பவுல்சாமியின் நிழல் 1996 ஜூன் மாதத்திலிருந்து பட்டமளிப்பு விழா அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் தரையில் விழுகிறது. அவர் லுங்கி கட்டிக்கொண்டு பால் வாங்கப் போனாலும் அப்படித்தான், தியாகராய நகர் ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு போனாலும் அப்படித்தான். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்கால வெயிலில் தொப்பியின் குஞ்சம் எதிர்வீட்டு வாசல்வரை நீளும், பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதிப்பார்கள், காயவைத்த நெத்திலிமேல் நிழல் விழுகிறது என்று அந்த வீட்டம்மா சத்தம் போடுவாள். மற்றபடி, படித்த மனுஷனின் நிழல் படித்த மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

பவுல்சாமி பி.ஏ. பாஸ் பண்ணவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு, அவரும் கூடப் படித்த நாலு பேரும் சேர்ந்து மயிலாப்பூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அங்கே வாடகை அங்கி ஒன்று இருந்தது. ரிசல்ட் வந்தபிறகு கூட்டம் நெருக்கும், இப்போதே எடுத்துவிடலாம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அதைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் சட்டம் போட்டு வீட்டுக்கு வந்து, சேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் ரிசல்ட் வந்தது. நாலு பேர் பாஸ். பவுல்சாமிக்கு இங்கிலீஷில் இரண்டு பேப்பர் போயிருந்தது. வீட்டில் என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் பதில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை கோவிலுக்குப் போகும்போது நிழல் அங்கி போட்டிருந்தது. அவர் ஏழு தடவை அந்தப் பேப்பர்களை எழுதினார், ஏழு தடவையும் போயிற்று. பிறகு அவர் விட்டுவிட்டார். நிழல் விடவில்லை.

பொய் என்று பார்த்தால் அவர் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தெரு 'பி.ஏ. சார்' என்று கூப்பிட்டது, அவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். குப்பத்து ஜனங்களுக்கு ரேஷன் கார்டு மனு எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பது அவருக்கே வந்தது. மனைவி மர்சலினுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே உண்மை தெரிந்துவிட்டது. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவாள். பவுல்சாமிக்கு உச்சிவேளையும் மழைக்காலமும் மட்டும்தான் பிடிக்கும். மற்ற நேரங்களில் தன் காலடியில் கிடப்பதைப் பார்க்க வெட்கமாக இருக்கும். பழக்கத்தில் அந்த வெட்கமும் கால் ஆணி மாதிரி ஆகிவிட்டது. நடக்கலாம், ஆனால் தெரியும்.

மகள் ஜொவிட்டா இந்த வருஷம் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட மூன்று பேருமாக வலியுல்லாவின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார்கள். வலியுல்லா ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு நிரப்பிக்கொண்டே வந்து, "குடும்பத்துல முதல் பட்டதாரியாம்மா?" என்றார். "இல்ல அங்கிள், எங்க டாடி பி.ஏ.," என்றாள் ஜொவிட்டா. அந்தப் பெருமை அவள் குரலில் இருந்தது. "அப்ப ஃபீஸ் சலுகை கிடையாதும்மா," என்று சொல்லிவிட்டு வலியுல்லா அடுத்த கட்டத்துக்குப் போனார். சலுகை இல்லையென்றால் இன்ஜினியரிங் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மர்சலின் புருஷனைப் பார்த்தாள். அந்த அறையில் தண்ணீர் கொண்டுவர உள்ளே போக இடமில்லை. பவுல்சாமி சுவரில் இருந்த ஆதார் விளம்பரத்தை எழுத்து எழுத்தாகப் படித்தார். அவர் வாழ்க்கையிலேயே கேவலமான மூன்று நிமிஷம் அதுதான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை மகள் கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, "ஜொவி, நான் பி.ஏ. முடிக்கல. ரெண்டு பேப்பர் ஃபெயிலு. இன்னைக்கி வரைக்கும் ஃபெயிலுதான்," என்றார். அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். ஜன்னல் வெயிலில் அங்கி போட்ட நிழல் அவள் கால்வரை வந்திருந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். அதோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் வலியுல்லாவிடம் போய் அந்தக் கட்டத்தைத் திருத்தி, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் மனு போட்டாள்.

விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. பெயர் ஸ்ரீலக்ஷ்மி. பையை வண்டியில் மாட்டிவிட்டுத் தெருவில் நாலு வீட்டில் கேட்டார். நாலு வீடும் போட்டி போட்டுக்கொண்டு, எங்க சார் பி.ஏ., எங்க தெருவுக்கே அவர்தான் மனு எழுதுவார் என்று சொல்லியனுப்பியது. பவுல்சாமி பழைய மார்க் ஷீட்டைக் காட்டினார். "இது தொண்ணூத்தாறு சார். அதுக்கப்புறம் பாஸ் பண்ணலன்னு நான் எப்படி எழுதறது? இங்க பாருங்க, எனக்கே கண்ணுக்குத் தெரியுது," என்று ஸ்ரீலக்ஷ்மி தரையைக் காட்டினார். கடைசியில் ஒரு வழி சொன்னார். இவர் பட்டதாரி இல்லை என்று அதே தெருவில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பார்க்கலாம்.

இருபத்தெட்டு வருஷமாக மறைத்ததை இப்போது வீடு வீடாகப் போய் நிரூபிக்க வேண்டியதாயிற்று. ஜொவிட்டா பேப்பரைப் பிடித்துக்கொண்டு நாலடி பின்னால் வந்தாள். முதலில், கோவில் பாடல்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் ஃபிரெட்ரிக் வீடு. விஷயத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பவுலு, நீ ஃபெயிலுன்னு நான் கையெழுத்துப் போடணுமா? என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைல உன் பேருக்குப் பின்னால பி.ஏ.ன்னு அச்சடிச்சி கீதுப்பா," என்றார். பவுல்சாமி ஆமாம் என்றார். எந்த இரண்டு பேப்பர், எத்தனை தடவை எழுதினார், கடைசித் தடவை என்ன மார்க் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொன்று என்று சொல்லும்போது குரல் அடங்கிப்போயிற்று. மகள் பின்னால் நிற்கிறாள் என்பதுதான் அவரைத் தின்றது. ஃபிரெட்ரிக் கையெழுத்துப் போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து மூன்று வீடுகள் மறுத்தன. ஒரு வீட்டில் காப்பி கொடுத்து மறுத்தார்கள், அது இன்னும் மோசம். ஐந்தாவது வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த கைசர் ஜஹான் மட்டும் எதையும் கேட்கவில்லை. "என் பென்ஷன் மனு நீங்க எழுதுனதுதான் சார். மாசாமாசம் வருது. எங்க போடணும்?" என்றாள். பவுல்சாமிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காட்டிய இடத்தில் அவள் உருதுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஊசியில் நூல் கோத்தாள்.

மனுதாரரின் தந்தை பட்டதாரி அல்ல, அன்னாரது நிழல் குறித்துத் துறையில் விதி ஏதும் இல்லை என்று ஸ்ரீலக்ஷ்மி அறிக்கை எழுதினார். பதினோராம் நாள் சான்றிதழ் வந்தது. ஜூலையில் கலந்தாய்வும் முடிந்து, கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. வாசகம் வாசிக்க இனி வரவில்லை என்று பவுல்சாமி பங்குச் சாமியாரிடம் சொன்னார். சாமியார் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறும் அவர் பெயரையே பலகையில் எழுதிப் போட்டார். தெருவும் 'பி.ஏ. சார்' என்பதை மாற்றிக்கொள்ளவில்லை. தெரிந்தும் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கு முன்னைவிட வெட்கமாக இருந்தது. நிழலிலும் ஒரு மாற்றமும் இல்லை, குஞ்சம்கூட அப்படியே இருந்தது.

கல்லூரியில் சேர்க்கைக்குப் போன அன்று ஆபீஸ் வாசலிலிருந்து கேட்வரை வரிசை நின்றது. மரம் எதுவும் இல்லை. காலை ஒன்பது மணிக்கே வெயில் தகித்தது. கொடுத்த படிவத்தில் தந்தையின் கல்வித் தகுதி என்ற இடத்தில் ஜொவிட்டா பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதினாள். பேனா நிற்கவில்லை. பவுல்சாமி அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் நிழல் மேற்கே நீளமாக விழுந்திருந்தது. அங்கி என்பதால் அகலமாகவும் இருந்தது, இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா, மகளோடு அதற்குள் வந்து நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

ஜொவிட்டாவும் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நிழலுக்குள் வந்தாள். அப்பாவிடம் பேசி ஏழு வாரம் ஆகியிருந்தது. "டாடி, ரெண்டடி இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, எனக்கு வெயில் படுது," என்றாள்.

அவர் இரண்டடி நகர்ந்து நின்றார்.