ஐந்தா, ஏழா

ஐஸ்பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துச் சோடா மாவால் தேய்த்துக்கொண்டிருந்த குமுதா, போரில் ஜெயித்த குரலில் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“மச்சம் ஒண்ணுகூட இல்ல அண்ணி! கோழி, எறா, நெத்திலி, பெலாச்சான், எல்லாத்தையும் எதிர்வீட்டு ரொஸ்னாகிட்ட குடுத்துட்டேன். பதினாறு நாளைக்கு வீடு சுத்தமா இருக்கும்.”

கூடத்தில், சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நவமணிக்கு அந்தக் கணத்தில்தான் நெஞ்சு நின்றது. விடிகாலையில் புருஷன் நல்லமுத்துவின் மூச்சு அடங்கியபோதுகூட அது இப்படி நிற்கவில்லை.

“நீல டப்பா?”

“எந்த நீல டப்பா?”

“ஐஸ்கிரீம் டப்பாடி. மேல் தட்டுல இருந்துச்சே.”

“அதுவும்தான் போச்சு. உள்ள ஒத்த சிப்புட் கெடந்துச்சு. ஒரு நத்தைக்கு அம்மாம் பெரிய டப்பாவா? அண்ணன் எப்பவும் இப்படித்தான் லா.”

அந்த ஒற்றை நத்தைக்காகத்தான் நல்லமுத்து பதினோரு வருடம் காத்திருந்தார். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே மீன்பிடித் துறைக்குப் போய், இழுவலைக் குப்பையைக் கிளற ஆரம்பித்த மனிதர். சிப்பியும் சங்கும் கட்டிலுக்கடியில், துணி அலமாரியில், அரிசித் தகரத்தில் என்று வீடு முழுக்கக் குடியேறின. ஒருநாள் சாம்பாருக்குள்ளேயே ஒன்று நீந்தியதாக நவமணி எந்தக் கோவிலிலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வாள். கடைசியில் மூன்று வாரத்துக்கு முன்னால், படகுக்காரன் ஸுல்கிஃப்லி அந்தமான் கடலில் இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து வந்த ஒரு கூம்பு நத்தையை உயிரோடு கொண்டுவந்து கொடுத்தான். அது குத்தினால் யானையே படுத்துவிடும் என்றார் நல்லமுத்து. யானைக்கு இருநூறு மீட்டர் ஆழத்தில் என்ன வேலை என்றாள் நவமணி.

சிரித்தாலும், விஷயம் அவளுக்கு அத்துப்படி. கூம்பின் தலையில் படிப்படியாகச் சுற்றுகள் ஏறும். உச்சியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கடுகளவு மொட்டுகள் இருக்கும். ஐந்தாம் சுற்றோடு மொட்டு நின்றால், அது புத்தகத்தில் ஏற்கெனவே பேர் வாங்கிய பழைய இனம். ஐந்தைத் தாண்டினால், இதுவரை யாரும் பேர் வைக்காத புது இனம். ஆனால் நத்தையின் தலையை ஒரு பழுப்புத் தோல் மூடியிருந்தது. செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரிலிருந்து துளசி என்கிற நிபுணர் வரும்வரை அதைச் சுரண்டக்கூடாது என்று நல்லமுத்து பிடிவாதம் பிடித்தார். சதையும் விஷப் பல்லும் கெடாமலிருக்க அப்படியே உறைய வைத்தார்.

நேற்றுச் சாயங்காலம், தோலுக்கு மேலாகவே எண்ணிப் பார்க்க அவர் கண்ணில் லென்ஸை வைத்துக்கொள்ள, அவள் டார்ச் பிடித்தாள்.

“ஏழு,” என்றார் அவர்.

அவள் லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தாள். “அஞ்சுதான். கண்ணு தெரியலன்னா ஒத்துக்கங்க.”

டப்பாவுக்குள் வைக்கும் சீட்டில் அவர் பென்சிலால் 7 என்று எழுதினார். அதைப் பிடுங்கி அவள் கீழே 5 என்று எழுதினாள். அவர் மைலோ குடிக்காமலே போய்ப் படுத்துவிட்டார். அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. இனிமேல் பேசவும் வழியில்லை. இரண்டு மணிக்கு அவரைத் தூக்கிவிடுவார்கள். அதற்குள் எண்ணியாக வேண்டும்.

“குமுதா, போய் அந்த டப்பாவ மட்டும் வாங்கிட்டு வா.”

குமுதா துணியோடு ஓடி வந்தாள். “குடுத்த மச்சத்த சாவு வீட்டுக்குள்ள திருப்பிக் கொண்டு வர்றதா? அண்ணன் நடுவீட்ல கெடக்கையிலயா? நல்லா இருக்கு அண்ணி!”

“அப்ப நான் போறேன்.”

“தலைமாட்ட விட்டு நீங்க எழுந்திரிக்கவே கூடாது.”

நவமணி பாத்ரூம் போக வேண்டும் என்றாள். ராணியைக் கூட்டிப்போவதுபோல் மூன்று பெண்கள் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கதவுக்கு வெளியே காவல் நின்று, திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கைபேசியைத் தேடினாள். அது குமுதாவின் இடுப்பில் இருந்தது. துக்கம் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் அண்ணனின் கடைசி நிமிடத்தைப் புதிது புதிதாக விவரித்துக்கொண்டிருந்தாள். நவமணி உட்கார்ந்தே இருந்தாள். கால்விரல் சும்மா இருக்கவில்லை. சேலை நுனியை முறுக்கினாள், பிரித்தாள். சுவர்க் கடிகாரம் வேண்டுமென்றே ஓடியது.

அப்போது எதிர்வீட்டிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வதங்கும் வாசனை நடைபாதையைத் தாண்டி வந்தது. சம்பல்.

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நவமணி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஒன்பதாம் மாடியிலிருந்து தரைவரை கேட்கும்படி குரலெடுத்தாள்.

“ஏ ரொஸ்னா… நீல டப்பா… என் நீல டப்பா… சட்டியில போட்டுறாதடி… அடுப்ப அணைச்சிருடி…”

பெண்கள் திடுக்கிட்டு, பிறகு சேர்ந்து அழுதார்கள். “பாவம், சித்தம் கலங்கிடுச்சு,” என்றாள் ஒருத்தி. நவமணி விடாமல் அதே அடிகளைத் திருப்பித் திருப்பிப் பாடினாள். மூன்றாவது தடவையில் எதிர்வீட்டில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

ரொஸ்னா தலையில் சுற்றிய துடோங்கைச் சரிசெய்துகொண்டு, நீல டப்பாவைத் துணிக்குள் மறைத்து எடுத்து வந்தாள். ஆறுதல் சொல்கிற சாக்கில் நவமணியை ஒட்டி உட்கார்ந்தாள்.

“அக்கா, மன்னிச்சிருங்க,” என்று காதுக்குள் சொன்னாள். “சுடுதண்ணியில கொஞ்சம் கொதிக்க விட்டுட்டேன். மேல அழுக்கா இருந்துச்சு, பழைய பிரஷ்ஷால நல்லா தேச்சேன். சம்பல்ல போடக் கையில எடுத்தேன், நீங்க கத்திட்டீங்க.”

“சதை?”

“உள்ளயே இருக்கு. வெந்துருக்கும்.”

“பல்லு வெந்தாலும் கரையாதும்பாரு.”

“யாரு பல்லு அக்கா?”

அழுக்கைத் தேய்த்தேன் என்ற வார்த்தையிலேயே நவமணி நின்றுவிட்டாள்.

சவப்பெட்டிக் கடைக்காரர் தயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாச்சும்மா. பெட்டி லிஃப்டுக்குள்ள போவாது, ஒம்போது மாடி படியில எறக்கணும். அவருக்குப் பிடிச்சது ஏதாவது வைக்கணும்னா வச்சிருங்க.”

குமுதா அண்ணனின் மூக்குக்கண்ணாடியை மார்பில் வைத்தாள். லென்ஸையும் பென்சிலையும் சட்டைப் பையில் செருகினாள். பென்சிலின் கூர் கீழே பார்த்தது. நல்லமுத்து வாழ்நாள் முழுக்கக் கூர் மேலே நிற்கும்படிதான் வைப்பார். குத்துகிறது, துணி கிழிகிறது என்று நவமணி நாற்பத்து மூன்று வருடம் கத்தியிருக்கிறாள்.

அவள் டப்பாவிலிருந்த நத்தையைக் கைக்குள் பொத்திக்கொண்டு பெட்டிமேல் குனிந்தாள். முந்தானையைத் தலையோடு இழுத்து, அவர் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டாள். பையிலிருந்த லென்ஸை உருவிக் கண்ணில் வைத்தாள். நத்தை இன்னும் இளஞ்சூடாக இருந்தது. தலைத்தோல் சுத்தமாகப் போயிருந்தது. தந்த நிறத்தில், வரிசை வரிசையாக மொட்டுகள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

அவளுடைய ஐந்து. இதோடு நிற்க வேண்டும். நகத்தால் அடுத்த சுற்றைத் தடவினாள். நகம் தட்டியது. கடுகிலும் சின்ன மொட்டுகள், ஆனால் சுற்று முழுக்க இருந்தன. அதற்கடுத்த சுற்றில் நகம் வழுக்கிக்கொண்டு போனது.

உச்சியிலிருந்து மறுபடி எண்ணினாள். இன்னொரு தடவையும் எண்ணினாள்.

“அழுதுருங்க அண்ணி, அடக்காதீங்க,” என்று குமுதா முதுகைத் தடவினாள்.

நவமணி முந்தானைக்குள் வேகமாக முகத்தைத் திருப்பினாள். “என்னங்க, இங்க பாருங்க…” என்று வாயில் வந்துவிட்டது.

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தாள்.

பிறகு நிமிர்ந்தாள். டப்பாவிலிருந்த சீட்டை எடுத்தாள், அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். சவப்பெட்டியின் விளிம்பில் சீட்டை வைத்து 7ஐ அடித்தாள். 5ஐ அடித்தாள். பக்கத்தில் 6 என்று எழுதினாள்.

“என்னக்கா அது?” என்றாள் ரொஸ்னா.

“ரெண்டு பேரும் தப்பு. ஆனா புதுசுதான்.” நத்தையையும் சீட்டையும் லென்ஸையும் டப்பாவில் போட்டு மூடினாள். “செவ்வாக்கிழமை வரைக்கும் உன் ஐஸ்பெட்டியில இருக்கட்டும். தனியா வை. அன்னிக்கு அந்த சிங்கப்பூர்ப் பொண்ணு வரும். அதுகிட்ட நான் பேசணும்.”

“மூடலாமாம்மா?” என்றார் தயாளன்.

“ஒரு நிமிசம் இருங்க.”

பென்சிலை அவர் பையில் திரும்பச் செருகினாள். கையை எடுத்தாள். மறுபடி குனிந்து, அதை உருவித் திருப்பி, கூர் மேலே நிற்கும்படி வைத்தாள்.