இடது கையின் மேல் உட்கார்ந்து

தையல் ஆலையில் பதினாறு வருஷமாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தவளின் வலது கையை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெட்டு மெஷின் பதம் பார்த்துவிட்டது. கட்டைவிரலின் அடியில் தசைநார் அறுந்துபோனது. டாக்டர் இழுத்துப் பிடித்துத் தைத்தார். கட்டுப் பிரித்த அன்று, விரல் மடங்கும், ஆனால் பழைய பிடி வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

ஆலையில் விடுப்பு கொடுத்தார்கள். முடிந்ததும் ஒரு சோதனை. தேறினால் பழையபடி வெட்டு மேஜை. தேறாவிட்டால் தைத்த உடுப்புகளில் நூல் பிசிறு நறுக்கும் பகுதி. ஆலையில் எல்லோரும் அவளைக் கட்டிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் லேசில் வந்துவிடவில்லை. அதை விட்டுவிட்டுப் பிசிறு மேஜையில் போய் உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார்கள். தினமும் இருநூறு தடவை அமுக்க வேண்டும். மாவு பிசைந்தாலாவது பலன் உண்டு, இதில் என்ன இருக்கிறது என்று மூன்றாம் நாளே அதைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாள்.

மாடியில் குடியிருந்த நாத்தனார்தான் ஒரு சீட்டுக்கட்டோடு இறங்கி வந்தாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை. மதிய இடைவேளையில் தனியாகச் சீட்டாடுவது அவள் பழக்கம். பஸ் ஓட்டும் அவள் அண்ணனுக்கு, அதாவது இவள் புருஷனுக்கு, அது பிடிக்காது. சீட்டு நுழைந்த வீடு உருப்படாது என்று முணுமுணுத்தார்.

"நாள் முழுக்கச் சீட்டு கிழிச்சுத்தான் பிழைக்கிறேன். உருப்படாமலா போயிட்டேன்?" என்று கேட்டுவிட்டு அவள் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

இந்த ஆட்டத்துக்கு எதிராளி கிடையாது, பந்தயம் கிடையாது என்று விளக்கினாள். ஏழு வரிசை போட வேண்டும். முதல் வரிசையில் ஒரு சீட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஏழாவதில் ஏழு. ஒவ்வொன்றிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும், மற்றவை கவிழ்ந்தே கிடக்கும். மீந்த இருபத்து நாலையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று மூன்றாகத் திருப்பி, மேலே தெரிவதைத்தான் எடுக்கலாம். வரிசைகளில் நிறம் மாறி மாறி, எண் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். கறுப்பு எட்டின் மேல் சிவப்பு ஏழு, அதன் மேல் கறுப்பு ஆறு. மூடிய சீட்டு மேலே வந்தால் திருப்பலாம். ஏஸ் கிடைத்தால் தனியே எடுத்து வைத்து, அதன் மேல் அதே இனத்தில் இரண்டு, மூன்று என்று ராஜா வரை ஏற்ற வேண்டும். நாலு இனமும் ஏறிவிட்டால் ஜெயம். ஒரு வரிசை காலியானால் அங்கே ராஜா மட்டும்தான் வந்து உட்காரலாம்.

"எங்க போனாலும் ராஜாவுக்குத்தான் காலி இடம்" என்றாள் கட்டிங் மாஸ்டர்.

ஆட்டம் புரிந்துவிட்டது. கைதான் வரவில்லை. வழவழப்பான மேஜையில் சீட்டு ஒட்டிக்கொண்டது. கட்டைவிரல் அதன் ஓரத்தைத் தேடித் தேடி வழுக்கியது. ஒவ்வொரு தடவையும் இடது கை, கூப்பிடாமலேயே உதவிக்கு ஓடி வந்தது. கடைசியில் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஏழு வரிசையையும் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பாதிச் சீட்டு தரையில் கிடந்தது. நாத்தனார் பொறுக்கக் குனிந்தபோது, தொடாதே என்று தடுத்துவிட்டு, தானே தரையில் உட்கார்ந்து வலது கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தாள். வலியில் கண்ணில் நீர் கட்டியது. எடுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் நாத்தனார் மேஜையில் ஒரு போர்வையை மடித்து விரித்தாள். துணி அமுங்கியதால் சீட்டின் ஓரம் விரலுக்குச் சிக்கியது. காலையில் மூன்று ஆட்டம், சாயங்காலம் மூன்று. ஒரு மாதம் கழித்துக் கட்டிங் மாஸ்டரே போர்வையை எடுத்துவிட்டாள். சீட்டு மறுபடி வழுக்கியது. வழுக்கட்டும் என்று விடாமல் ஆடினாள்.

ஆட்டம் மட்டும் ஒரு நாளும் முடியவில்லை. ஒருநாள் மூன்று இனம் பாதிக்கு மேல் ஏறிவிட்டன. ஒரு கறுப்பு ஒன்பதின் அடியில் இரண்டு சீட்டு கவிழ்ந்து கிடக்க, நகர்த்த வழியே இல்லை. வேலை முடிந்து வந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த புருஷனுக்குப் பொறுக்கவில்லை.

"அடியில என்ன இருக்குன்னு லேசாத் தூக்கிப் பாரேன். யாரு பார்க்கப் போறாங்க?"

"நான் பார்க்கிறேனே."

சீட்டையெல்லாம் வாரிக் கட்டாக்கினாள். சில கட்டு எப்படி ஆடினாலும் முடியாது, அது அப்படித்தான் விழும், மனசை விட்டுவிடாதே அண்ணி என்று நாத்தனார் தேற்றினாள்.

"அது விழறது அதோட இஷ்டம். கலைச்சுப் போடறது என் இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்கு வரிசை போட்டாள்.

எட்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு ராஜாவும் மேலே ஏறி உட்கார்ந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு, தானும் ஒரு ஆட்டம் போடட்டுமா என்று கேட்டார். பத்தாவது நிமிஷம் ஒரு சீட்டை ஓரமாகத் தூக்கிப் பார்க்கும்போது தங்கையிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

சோதனை நாள் வந்தது. அறுபது அடுக்குத் துணியில் வெட்டு மெஷினை அழுத்திப் பிடித்து ஓட்ட வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் கோடு நூல் பிடித்ததுபோல் போனது. பிறகு கட்டைவிரல் நடுங்கத் தொடங்கியது. வளைவில் மெஷின் ஒரு விரல்கடை விலகிப்போனது. மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். கண்ணைப் பார்க்காமல், பிசிறு மேஜையில் வேலை அலுங்காமல் இருக்கும் என்று சொல்லி அதையே தாளில் எழுதப் போனார்.

"மெஷின் ஓட்ட முடியல, ஒத்துக்கறேன் சார். எழுதறதுக்கு முன்னாடி கத்திரிக்கோலக் குடுங்க. மாதிரி உடுப்பு வெட்டற அறையில கையாலதான வெட்டறாங்க? ஆள் பத்தலைன்னு நீங்கதான சொன்னீங்க?"

அங்கே வளைவு அதிகம், பொடிப் பொடியாக வெட்ட வேண்டும், கை இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோகும் என்றார். சோர்ந்தால் நிறுத்தி நிறுத்தி வெட்டுவேன், இருபது காலர் வெட்டுகிறேன், பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றாள்.

பன்னிரண்டாவதில் விரல் மரத்துப்போனது. கத்திரிக்கோலை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். கால் மணி நேரம் ஆகட்டும் என்று அவரும் காத்திருந்தார். மீண்டும் எடுத்தாள். இருபதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். சரி என்று தலையாட்டும்போது அவள் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள்.

"இது ஒரு நூல் தள்ளியிருக்கு. வேற துணி குடுங்க."

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் துணி கொடுத்தார். வெட்டி முடித்ததும், திங்கட்கிழமை மாதிரி அறைக்கு வரச் சொன்னார்.

முதல் வாரம் சாயங்காலமானால் விரல் வீங்கியது. வெந்நீரில் முக்கிக்கொண்டாள். பழைய மேஜையில் வேறொருத்தி மெஷின் ஓட்டுவதைக் கடந்து போகும்போதெல்லாம் நின்று, வளைவு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்புமுன் மேற்பார்வையாளரிடம் போய், வெட்டு மேஜைக்கு ஆள் எடுக்க அடுத்த வருஷம் நடக்கும் மெஷின் சோதனைக்குத் தன் பெயரை இப்போதே போட்டு வைக்கச் சொன்னாள். இன்னும் முழுசா பதினொரு மாசம் இருக்கேம்மா என்று அவர் சிரித்தார். எழுதும்வரை அவள் அங்கேயே நின்றாள்.