அரைத் தட்டு மருந்து

ஹெல்மர் ஓஸ்பெர்கின் வீட்டு நிலவறைக்குள் அந்த மூஸ் மான் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். குதிரையைவிட உயரமான மிருகம். படிக்கட்டோ ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம். எப்படி இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. அவன் தோட்டா நிரப்பும் மேசைக்கு எதிரே, தராசை முகர்ந்தபடி நின்றது. பின்தொடையில் பழைய குண்டுக்காயம் ஆறாமல் சிவந்திருந்தது, ரத்தம் மட்டும் வரவில்லை. ஸ்வீடனின் வடக்கே காட்டுக்குள் கிடக்கும் மிர்வாட்னெட் ஊரில் அந்த வாரம் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்திருந்தது, டீசல் விலை ஏறியிருந்தது, ஹெல்மர் வீட்டுக்குள் மூஸ் வந்திருந்தது. மூன்றையும் ஊர் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டது.

அது ஏன் அங்கே வந்தது என்பது ஹெல்மருக்குத் தெரியும். ஊர் வேட்டைக் குழு முழுவதுக்கும் அவன்தான் தோட்டா செய்து கொடுப்பான். சுட்டுக் கழித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கித் துடைத்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்தை மணி மணியாக நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்துக் கைப்பிடியால் அழுத்தி மூடுவான். கடைத் தோட்டா வாங்குகிறவனை, வீட்டில் அடுப்பு எரியும்போது ஓட்டலில் சாப்பிடுகிறவன் என்று கேலி செய்வான். மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்து, மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த விதியை எல்லோருக்கும் ஓதியவனே அவன்தான்.

சில வருடங்களுக்கு முன், வேட்டை தொடங்குவதற்கு முந்தைய மாலை, கடைசிப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது மச்சான் போன் செய்தான். மேலே போய்ப் படகு விற்பதைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு இறங்கி வந்த ஹெல்மர், டார்ச் அடிக்காமலேயே குண்டுகளை அழுத்தி மூடினான். முடித்துவிட்டுப் பார்த்தால் தராசுத் தட்டில் ஒரு தோட்டாவுக்கான மருந்தில் பாதி மிச்சம் கிடந்தது. அப்படியென்றால் ஏதோ ஒரு தோட்டாவுக்குள் மறு பாதிதான் போயிருக்கிறது. முறைப்படி அந்தப் பெட்டி முழுவதையும் பிரித்து மறுபடி நிறுக்க வேண்டும். மேலே மனைவி மாய்லிஸ் சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் மிச்சத்தை டப்பாவில் கொட்டி மூடினான். அந்தப் பெட்டியைத் தனக்கு வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. வேட்டைக் குழுவில் இருந்த சிக்பிரிட்டுக்குக் கொடுத்தான். சதுப்பு ஓரம் அவள் நிற்கும் இடம். அங்கே மூஸ் வருவதே அபூர்வம்.

மறுநாள் அங்கேயே ஒரு மூஸ் வந்தது. சிக்பிரிட் சுட்டாள். குண்டு தாழ்ந்துபோய்த் தொடையில் பட்டது, மிருகம் ஓடிவிட்டது. நாய்கள் ஆற்றங்கரைவரை மோப்பம் பிடித்துப் போய்த் திரும்பி வந்தன. மிர்வாட்னெட்டில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. காயப்படுத்தித் தவறவிட்டவர் துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது அது இல்லாமல் சுடவே முடியாத பூட்டுத் தண்டை, கழற்றி வேட்டைக் குடிலின் மாடத்தில் வைத்துவிட வேண்டும். அந்த மிருகத்தின் இறைச்சி வந்து சேரும்வரை காட்டில் நிற்கக் கூடாது. குடிலில் காப்பி போடலாம். மாடத்துக்குப் போகும்முன் சிக்பிரிட் நின்றாள்.

"சத்தமே சரியில்ல ஹெல்மர். பொத்துனு கேட்டுச்சு. தோள்ல இடிக்கவும் இல்ல."

"காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டா எந்தத் துப்பாக்கியும் அப்படித்தான் கேக்கும்" என்றான் ஹெல்மர்.

குடிலே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். அவள் அப்பா நின்ற இடம் அந்தச் சதுப்பு ஓரம். அதை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். வேட்டைக் காலம் வரும்போதெல்லாம் அவள் எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். ஹெல்மரின் கோப்பையிலும் ஊற்றினாள், அவன் வாங்கிக் குடித்தான்.

அடுத்த வருடமே அந்த மூஸ் தொடைக் காயத்தோடு ஊருக்குள் வந்துவிட்டது. சிக்பிரிட்டின் வாசலைத் திரும்பியும் பாராமல் தாண்டி, ஹெல்மரின் முற்றத்தில் போய் நின்றது. குழுத் தலைவன் ஓலோவ் சுட்டுப் பார்த்தான். குண்டு பனிக்குள் போவதுபோல அதற்குள் போய் மறைந்தது. முற்றத்து மரத்து ஆப்பிளுக்காக வருகிறது என்றான் ஹெல்மர். ஊர் தலையாட்டியது. மறு வருடமும் வரவே மரத்தை வெட்டினான். அதற்கும் அடுத்த வருடம், வெட்டிய அடிக்கட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"மரம் போச்சு. இனி எதைச் சொல்லுவே?" என்று மாய்லிஸ் கேட்டாள்.

அவன் போய் நிலவறை ஜன்னலுக்குப் பலகை அடித்தான். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அது உள்ளே இறங்கியது. ஊரில் ஒருவரும் அவனை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. சவரம் செய்யக் கண்ணாடி பார்க்கவே கூசியது. நிலவறையில் வேலையும் ஓடவில்லை, மூஸ் விடும் மூச்சில் தராசு முள் ஆடிக்கொண்டே இருந்தது. குளிர்காலத்தில் அதன் கொம்புகள் மேசைக்கடியில் உதிர்ந்தன, கோடையில் மறுபடி முளைத்தன.

வேட்டைக்கு இடம் பிரிக்கும் கூட்டத்துக்கு ஹெல்மர் கிளம்பியபோது மூஸும் பின்னாலேயே வந்தது. குடிலில் நாற்காலிகளை நகர்த்தி அதற்கு இடம் விட்டார்கள். கொம்பு படாமல் ஓலோவ் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஹெல்மர் தொப்பியைக் கழற்றினான்.

"அந்தத் தோட்டாவுல பாதி மருந்துதான் இருந்துச்சு. தட்டுல மிச்சம் கிடந்ததைப் பார்த்தேன்."

சிக்பிரிட் காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தாள். "பார்த்துட்டுத்தான் எனக்குக் குடுத்தியா?"

"உன் பக்கம் மூஸே வராது, நீ எங்க சுடப்போறேன்னு நெனச்சேன்."

யாரும் திட்டவில்லை. அவன் தன் போல்ட்டைக் கொண்டுபோய் மாடத்தில் வைத்தான். அங்கிருந்த தன்னுடையதை சிக்பிரிட் எடுத்துக்கொண்டாள். துருவில்லை, வருடம் தவறாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். சதுப்பு ஓரம் அவளுக்கே திரும்பியது. அன்று ஹெல்மர்தான் எல்லோருக்கும் காப்பி ஊற்றினான், பாதி தட்டில் சிந்தியது.

அத்தோடு மூஸ் காட்டுக்குப் போய்விடும் என்று நம்பினான். அது அவன் பின்னாலேயே வீட்டுக்கு வந்து படியிறங்கி, பழைய இடத்திலேயே நின்றது. காயம் மட்டும் ஆறத் தொடங்கியிருந்தது.

சில நாள் கழித்து சிக்பிரிட் ஒரு பையோடு நிலவறைக்கு வந்தாள். வெற்றுக் கூடுகளை மேசையில் கொட்டினாள்.

"கடையில வாங்கிக்கோ சிக்பிரிட்" என்றான் அவன், தலையைத் தூக்காமல். "உன் மூஞ்சியில முழிக்க முடியல. இதையும் எப்படித் துரத்துறதுன்னு தெரியல."

அவள் மூஸின் கழுத்தில் ஒட்டியிருந்த சிலந்தி வலையைத் துடைத்துவிட்டாள்.

"துரத்தாதே. நிக்கட்டும். இது நிக்கிறவரைக்கும் நீ டார்ச் அடிச்சுப் பார்ப்பே."

அவள் போனபிறகு ஹெல்மர் தட்டில் மருந்தைக் கொட்டினான். முள் ஆடியது. மூஸ் மூச்சை விட்டு அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன் ஒரு கணம் முள் நின்றது. அந்த நேரம் பார்த்து நிறுத்துக்கொண்டான். அன்றிலிருந்து மிர்வாட்னெட்டில் தோட்டா செய்ய முன்பைவிட நேரம் அதிகம் ஆகிறது. எல்லோரும் காத்திருந்து வாங்கிக்கொள்கிறார்கள்.